உலோகப் பிரிவுத் தலைவருக்கு ஹீட்டர் உண்டா?

ஒசாகா
அக்டோபர் 9

தமோட்சு ஐயா அவர்களுக்கு,

காலையில் குளிர் தட்ட ஆரம்பித்துவிட்டது. உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், விசாரித்துவிட்டேன். நேரில் சொன்னால் "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்று தலையை ஆட்டிவிட்டு டின் பொறுக்கக் கிளம்பிவிடுகிறீர்கள். அதனால் எழுத்தில் தருகிறேன்.

ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் சைக்கிள் நிறுத்தத்துக்கு ஆள் கேட்கிறார்கள். வயது அறுபத்துமூன்று என்றேன், பரவாயில்லை என்றார்கள். இடுப்பு சரியில்லை என்றேன், சைக்கிளைத் தூக்க வேண்டாம், வரிசையில் நிற்க வைத்தால் போதும் என்றார்கள். தங்குவதற்கு அறையும் உண்டு. கடைவீதிக் கூரைக்கு அடியில் நான்கு குளிர்காலம் அட்டை விரித்துப் படுத்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரே ஒரு நிபந்தனை. இரத்த உறவில் ஒருவர் ஜாமீன் படிவத்தில் பெயரெழுதி, தன் பெயர் முத்திரையைக் குத்தித் தர வேண்டும். என் முத்திரை செல்லுமா என்று கேட்டேன், செல்லாதாம். அகிதாவில் தங்கை இருப்பதாக ஒரு நாள் நீங்களே உளறினீர்கள். பதினோரு வருஷமாகப் பேச்சில்லை என்றால் இப்போது பேசலாமே. படிவம் டிசம்பர் 25க்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அனுப்புநர் விலாசமாக நம் மையத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். படிவத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். நாலு வரி போதும், உண்மையை எழுதுங்கள்.

நிஷிவாகி ரெய்கோ
ஹினதா வேலை உதவி மையம்


ஒசாகா
அக்டோபர் 14

தங்கச்சி கினுயோவுக்கு,

கடைத்தெருவில் மீன் சுடும் புகை கிளம்பிவிட்டது, இலையுதிர்காலம் வந்தாயிற்று. நீயும் மாப்பிள்ளை தோகுஜியும் சௌக்கியமா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

இத்தனை வருஷம் எழுதாததற்கு வேலைதான் காரணம். உறையில் உள்ள விலாசத்தைப் பார்த்திருப்பாய். ஹினதா, இரண்டாம் மாடி. அங்கேதான் இருக்கிறேன். உலோகக் கொள்முதல் பிரிவுக்கு நான் தலைவர். முக்கியமாக அலுமினியம். விடியற்காலை நாலு மணிக்கே சொந்த வண்டியில் கிளம்பி நகரம் முழுவதும் சுற்றிக் கொள்முதல் செய்ய வேண்டும். மற்றவர்களை நம்பி விட்டால் போட்டிக்காரன் முந்திக்கொள்வான்.

வீடு நகரத்தின் நட்ட நடுவில். காலை எடுத்து வைத்தால் கடைத்தெரு. காற்றோட்டத்துக்குக் குறைவே இல்லை. தொலைபேசி எண் தர முடியாததற்கு வருந்துகிறேன், கம்பெனி விதி.

ஒரு சின்ன காரியமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். பக்கம் தீர்ந்துவிட்டது, அடுத்ததில் எழுதுகிறேன். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அண்ணன்
ஒனோதெரா தமோட்சு
(பிரிவுத் தலைவர்)


யோகோதே, அகிதா
அக்டோபர் 27

அண்ணனுக்கு,

இங்கே ஆப்பிள் பறித்து முடித்துவிட்டோம். மலை உச்சியில் வெள்ளை விழுந்துவிட்டது, இன்னும் மூன்று வாரத்தில் வாசலுக்கு வந்துவிடும். நாங்கள் நலம். இவருக்கு இடது கால் மட்டும் மழைக்கு முன்னால் வலிக்கிறது, வானிலை அறிக்கை கேட்கிற செலவு மிச்சம்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உறையின் முன்பக்கத்தையே வெகுநேரம் பார்த்தேன். உன் கோழிக் கிறுக்கல் அப்படியே இருக்கிறது. அம்மாவின் ஏழாம் வருஷ நினைவுநாளில் கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாயே, "அடுத்த தடவ வரும்போது பிரிவுத் தலைவனாத்தான் வருவேன், அதுவரைக்கும் வரமாட்டேன்"னு. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். தலைவராகிவிட்டாய், வரவில்லை.

பிரிவுத் தலைவருக்கு நாலு மணி வேலையா? எங்கள் ஊர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் பத்து மணிக்குத்தான் வருவார், அதுவும் தூங்குவதற்கு. காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அது சரி, அறையில் ஹீட்டர் இருக்கிறதா?

அந்தச் சின்ன காரியம் என்ன?

கினுயோ


ஒசாகா
நவம்பர் 9

கினுயோவுக்கு,

பூங்காவில் கிங்கோ மரம் மஞ்சளாகிவிட்டது. அந்தக் காயின் நாற்றம் மட்டும் இல்லாவிட்டால் சொர்க்கம். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளையின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

கம்பெனியைப் பற்றிக் கேட்காமல் கேட்டிருக்கிறாய். காலையில் கதவு திறப்பதற்கு முன்னாலேயே நாற்பது பேர் வாசலில் வரிசையில் நிற்போம். அப்படி ஓர் ஒழுங்கு. பொறுப்பாளர் நிஷிவாகி என்று ஓர் அம்மாள், குரலைக் கேட்டால் பாலத்தில் போகிற ரயிலே நின்றுவிடும். வாரத்தில் இரண்டு நாள் எல்லோருக்கும் பொதுச் சாப்பாடு, பெரியவன் சின்னவன் பேதம் கிடையாது, ஒரே அண்டா.

இப்போது என்னை வேறு பிரிவுக்கு மாற்றப் பேச்சு நடக்கிறது. போக்குவரத்துப் பிரிவு. ஜனவரியில் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். அதற்குச் சில காகிதங்கள், அது இது என்று இருக்கிறது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அந்தச் சின்ன காரியமும் அதைச் சேர்ந்ததுதான், நேரம் வரும்போது சொல்கிறேன்.

கூரையில் பனி தள்ளும்போது கயிறு கட்டிக்கொள்ளச் சொல்.

அண்ணன் தமோட்சு


யோகோதே
நவம்பர் 20

அண்ணனுக்கு,

முதல் பனி முழங்கால் வரை வந்துவிட்டது. எல்லோரும் நலம். உன் இடுப்பு எப்படி? சின்ன வயதிலேயே குளிர் வந்தால் அதுதான் முதலில் மக்கர் பண்ணும்.

நாற்பது பேரைக் கட்டி மேய்க்கும் அம்மாளை நினைத்து எனக்கு மரியாதை வந்துவிட்டது. அண்ணனை இத்தனை வருஷம் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஆண்டு இறுதிப் பரிசு அனுப்பாமல் இருந்தால் ஊர் சிரிக்கும். அதனால் 'ஹினதா தலைவர் அவர்களுக்கு' என்று பெயரிட்டு இரண்டு பெட்டி ஆப்பிளும், நானே புகை போட்டு ஊறவைத்த முள்ளங்கி முப்பதும் அனுப்பியிருக்கிறேன். தனியாக உனக்குக் கம்பளி உள்ளாடை ஆறு. அளவு தெரியாது, பழைய அளவே எடுத்தேன். பெரிதாக இருந்தால் உன்கீழ் வேலை பார்க்கும் யாருக்காவது கொடு.

வசந்தத்தில் எங்கள் மாதர் சங்கம் ஒசாகாவுக்குச் சுற்றுலா வருகிறது. பதினெட்டுப் பேர். உன் அலுவலகத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஹீட்டரைப் பற்றிக் கேட்டேன், பதிலைக் காணோம். இருக்கிறதா?

கினுயோ


ஒசாகா
நவம்பர் 28

தமோட்சு ஐயா,

குளிர் ஏறிவிட்டது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை.

இன்று காலை மூன்று பெட்டி வந்து இறங்கியது. 'ஹினதா தலைவர் அவர்களுக்கு'. எந்தத் தலைவர் என்று கூரியர் பையன் என்னைக் கேட்கிறான், நான் வரிசையில் நிற்பவர்களைக் கேட்கிறேன், நாற்பது பேரும் உங்களைப் பார்க்கிறார்கள், நீங்கள் கூரையைப் பார்க்கிறீர்கள். அதற்குள் முள்ளங்கி வாசனை மாடி முழுவதும் பரவிவிட்டது. பகல் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் முப்பதையும் முடித்துவிட்டார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் தனாபே ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "எங்கூரு மணம்"னு சொல்லி, தட்டில் ஒட்டியிருந்த துணுக்கையும் விரலால் வழித்துத் தின்றார். அதனால் உங்களைத் திட்ட முடியாமல் போய்விட்டது.

சாப்பிட்ட பிறகு நன்றிக் கடிதம் எழுதாமல் இருக்க முடியாது, நான் அப்படி வளர்க்கப்படவில்லை. ஆனால் பொய் எழுத மாட்டேன். உங்களைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் எப்படி நாலு பத்தி எழுதுவது?

படிவத்தை அனுப்பினீர்களா?

நிஷிவாகி


ஒசாகா
டிசம்பர் 2

திருமதி கினுயோ அவர்களுக்கு,

ஆண்டு இறுதியின் பரபரப்பில் தாங்களும் இல்லத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தாங்கள் அன்புடன் அனுப்பிய ஆப்பிளும் முள்ளங்கியும் வந்து சேர்ந்தன. நன்றி. இங்கே தலைவர் என்று யாரும் இல்லை. பொறுப்பு என்னுடையது என்பதால் நான் எழுதுகிறேன்.

தங்கள் அண்ணனை எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும். நாங்கள் கதவு திறப்பதற்கு முன்பே வந்து நிற்பவர்களில் அவர் முதல் ஆள். மழையோ வெயிலோ வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. யாராவது காய்ச்சலில் கிடந்தால் தன் போர்வையைக் கொடுத்துவிட்டு வந்து, தனக்கு வியர்க்கிறது என்று சொல்வார். வரிசையில் சண்டை வந்தால் நான் அவரைத்தான் கூப்பிடுவேன். எங்களிடம் இருப்பவர்களில் அவரைவிட நம்பகமானவர் கிடையாது. அவருக்குத் தகுந்த இடம் ஒன்று கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

தங்களைப் போன்ற தங்கை இருப்பதை அவர் அடிக்கடி சொல்லாதது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மாதர் சங்கத்தார் வரப்போவதாகத் தங்கள் அண்ணன் சொன்னார், வந்தால் தேநீர் தருவோம். நாற்காலிகள் மட்டும் ஒரே மாதிரி இருக்காது.

பணிவுடன்
நிஷிவாகி ரெய்கோ


ஒசாகா
டிசம்பர் 5

கினுயோவுக்கு,

இங்கே பனி இல்லை, ஆனால் காற்று இருக்கிறது. உள்ளாடை வந்தது. அளவு தொளதொளவென்று இருக்கிறது, இரண்டாகப் போட்டால் சரியாகிவிடுகிறது. இதைவிட நல்ல பொருள் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

பரிசு வாங்கிவிட்டுப் பதில் பரிசு அனுப்பாமல் இருந்தால் அம்மா கனவில் வந்து உதைப்பாள். அதனால் பிரிவினர் எல்லோரும் சேர்ந்து இஞ்சி போட்ட பொரி மிட்டாய் ஒரு டப்பா வாங்கி அனுப்புகிறோம். டப்பா சின்னது, கிடைத்த பெட்டி பெரியது. ஆடாமல் இருக்க என் ஆட்கள் இரண்டு பேர் காகிதம் திணித்தார்கள். அலுவலகக் குப்பைக்கூடை காலியாகும்வரை விடவில்லை. வேலை என்று கொடுத்துவிட்டால் இவர்களை நிறுத்த முடியாது.

வசந்தத்தில் அலுவலகத்துக்கு வர்ணம் பூசப் போகிறார்கள். சுற்றுலாவை இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போட முடியுமா என்று மாதர் சங்கத்தில் கேள்.

வேறொன்று எழுத நினைத்தேன். மறந்துவிட்டது.

அண்ணன்


ஒசாகா
டிசம்பர் 15

தமோட்சு ஐயா,

நலம் விசாரிக்கும் நிலையில் இல்லை. இருந்தாலும், இருமல் எப்படி?

இன்னும் பத்து நாள். படிவத்தை அனுப்பிவிட்டேன் என்றீர்கள். எந்தத் தபால் பெட்டி என்று கேட்டேன். "சிவப்புப் பெட்டிங்கக்கா" என்றீர்கள். ஜப்பான் முழுக்கச் சிவப்புதான் ஐயா. பிறகு தனாபே பெரியவர்தான் சொன்னார், அதை நீங்கள் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டதைப் பார்த்தாராம்.

வேறு படிவம் கேட்டு வாங்கியிருக்கிறேன், உள்ளே வைத்திருக்கிறேன். உங்களுக்கு வெட்கம் என்று தெரியும். நான் பதினேழு வருஷமாக இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். குளிரில் போனவர்களைவிட வெட்கத்தில் போனவர்களைத்தான் அதிகம் பார்த்துவிட்டேன். என்னை இன்னொரு முறை பார்க்க வைக்காதீர்கள்.

நிஷிவாகி


யோகோதே
டிசம்பர் 19

அண்ணனுக்கு,

கூரையில் பனி ஒரு ஆள் உயரம். நாங்கள் நலம். நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும்.

மிட்டாய் வந்தது, நன்றாக இருந்தது. இவருக்குப் பொய்ப்பல், அதனால் நானே தின்று முடித்தேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா, பெட்டிக்குள் வந்த காகிதத்தைக்கூட வீணாக்க மாட்டேன். அடுப்புப் பற்றவைக்கலாம் என்று ஒவ்வொன்றாக நீவி அடுக்கினேன். பழைய டின் கிலோ என்ன விலை என்று ஒரு தாள். இலவசச் சாப்பாடு எந்தக் கிழமை, எந்தப் பூங்கா என்று ஒரு தாள். மன்னிக்கணும், உங்கள் கம்பெனியின் பொதுச் சாப்பாடு. 'கினுயோ, உன்னிடம் ஒரு உதவி' என்று ஆரம்பித்து அடித்துப்போட்ட தாள் நான்கு. கடைசியில் உன் பெயர் எழுதின ஜாமீன் படிவம், பந்து மாதிரி சுருட்டி.

அதை இதோடு அனுப்பியிருக்கிறேன். இவர்தான் இஸ்திரி போட்டார். "கெழவன் இதையும் குப்பைன்னு நெனச்சிட்டான் பாரு" என்று திட்டிக்கொண்டே, மேலே துணி போட்டு, ஓரம் கருகாமல் போட்டார். ஜாமீன் இடத்தில் என் பெயர், என் முத்திரை. ஒருவர் போதும் என்று அச்சடித்திருக்கிறது, இருந்தும் பக்கத்தில் அவரும் ஒன்று குத்தினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது. உன் நிலைமை எனக்கு மிட்டாய்ப் பெட்டியைப் பார்த்துத் தெரிந்ததல்ல. மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. உங்கள் சகோதரர் அரசு உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார், உங்களால் அவரைப் பார்த்துக்கொள்ள இயலுமா என்று. கீழே இரண்டு கட்டம், இயலும், இயலாது. இவர் கூரையிலிருந்து விழுந்து கிடந்த மாதம் அது. நான் இயலாது என்ற கட்டத்தில் குறி போட்டேன். காரணம் எழுத மூன்று கோடு விட்டிருந்தார்கள். ஒன்றும் எழுதாமல் அனுப்பிவிட்டேன்.

அதனால் உன் முதல் கடிதம் வந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். பிரிவுத் தலைவர் என்று படித்து அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தேன், அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நீ உண்மையைச் சொன்னால் நானும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து உன் பொய்க்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நீ இன்னும் பெரிதாகப் புளுகமாட்டாயா என்றுகூட இருந்தது. சுற்றுலாவும் பொய்தான். எங்கள் மாதர் சங்கத்தில் ஏழு பேர், பக்கத்து ஊருக்கே வரமாட்டார்கள்.

இந்தக் காகிதத்தில் கட்டம் எதுவும் இல்லை, முத்திரைக்கு மட்டும்தான் இடம். அழுத்திக் குத்தியிருக்கிறேன்.

இப்போதாவது சொல். ஹீட்டர் இருக்கிறதா?

கினுயோ


ஒசாகா
ஜனவரி 12

தங்கச்சிக்கு,

புத்தாண்டு பிறந்து பன்னிரண்டு நாள் கழித்து வாழ்த்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் இந்த வருஷம் நன்றாக இருக்கட்டும். எனக்கு இருமல் குறைந்துவிட்டது. இடுப்பு வலி அப்படியே இருக்கிறது. உண்மையாக எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன், அதனால் வலியில் தொடங்குகிறேன்.

உன் கடிதம் டிசம்பர் 23ஆம் தேதி வந்தது. நிஷிவாகி அம்மாள் அதை உறையோடு என் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். படிவத்தைப் பார்த்ததும் பறித்துக்கொண்டு, மேல்சட்டைகூடப் போடாமல் சைக்கிள் நிறுத்தக் கம்பெனிக்கு ஓடினார். அங்கே இருந்த அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "முப்பது வருஷமா படிவம் வாங்குறேன், இஸ்திரி போட்டு வந்தது இதான் மொத தடவ" என்றாராம். இரண்டு முத்திரை எதற்கு என்றும் கேட்டாராம். நிஷிவாகி அம்மாள், ஒன்று தங்கை, இன்னொன்று பிடிவாதம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அந்தக் கட்டத்தைப் பற்றி. அன்றைக்கு நான் விண்ணப்பம் கொடுத்ததும், உங்கள் தங்கைக்கு ஒரு கடிதம் போகும் என்றார் கவுன்டரில் இருந்தவர். மறுநாள் காலையிலேயே போய் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், கடிதம் உனக்கு வரக் கூடாது என்றுதான். தபால்காரன் என்னைவிட வேகம் என்று இப்போதுதான் தெரிகிறது. ஆக, நீ பதில் எழுதியபோது அங்கே விண்ணப்பமும் இல்லை, நானும் இல்லை. நீ இயலும் என்று எழுதியிருந்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது. யாருமே கேட்காத கேள்விக்கு முடியாது என்று சொல்லிவிட்டு மூன்று வருஷம் தூக்கம் கெட்டிருக்கிறாய். நம் குடும்பத்தில்தான் இப்படி நடக்கும்.

ஆறாம் தேதி வேலையில் சேர்ந்தேன். இப்போது நிஜமாகவே என் கீழ் நானூற்று இருபது பேர். எல்லோருக்கும் இரண்டு சக்கரம். நிறுத்திய இடத்தில் நிற்கிறார்கள், எதிர்த்துப் பேசுவதில்லை. காற்றடித்தால் மட்டும் ஒருவன் சாய்ந்து இருபது பேரைச் சாய்த்துவிடுவான். அதைச் சரிசெய்யும்போது தலைவன் மாதிரி கத்துகிறேன். காலையில் ரயிலுக்கு ஓடுகிற பெண்ணொருத்தி தினமும் "போயிட்டு வரேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். முதல் நாள் என்னிடம்தான் சொல்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. இரண்டாம் நாளிலிருந்து "போயிட்டு வாம்மா" என்கிறேன்.

என் பழைய டின் பாதையைத் தனாபே பெரியவருக்குக் கொடுத்துவிட்டேன். உள்ளாடையில் இரண்டும். அடுத்த படிவம் அவருக்குத்தான், ஊரில் ஒரு தம்பி இருப்பதாக உளறியிருக்கிறார். நிஷிவாகி அம்மாள் பேனாவை எடுத்துவிட்டார்.

புது விலாசத்தை உறையில் எழுதியிருக்கிறேன். என் பெயரில் இருக்கிற அறை. பெரியது என்று புளுக ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் படுத்தால் இரண்டு சுவரும் காலிலும் தலையிலும் தட்டும். சுற்றுலா வருவதானால் ஏழு பேரும் வரிசையாகத்தான் நிற்க முடியும்.

மூன்று கடிதத்தில் நீ கேட்டு நான் பதில் சொல்லாத கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது.

இருக்கிறது, கினுயோ. சின்னதுதான். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அண்ணன்
தமோட்சு